கல்லூரியின் ஓர்மை

சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவி என்னைத் தேடி எங்கள் இயற்பியல் துறைக்கு வந்தார். கையில் கற்றையாகக் கேள்வித்தாள்கள். உயர்கல்வி ஆசிரியர்களின் பணித்திறனை அறிவு மேலாண்மை எப்படி மாற்றுகிறது என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. அறிவு மேலாண்மை என்றால், ஒரு நிறுவனத்தில் இருப்பவர்கள் அறிந்ததைத் திரட்டி, காத்து, பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடு. மொத்தம் நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ஒரு கோடியில் 'முழுமையாக ஏற்கிறேன்', மறுகோடியில் 'முற்றிலும் மறுக்கிறேன்'. "பத்து நிமிடம்தான் மேடம், டிக் போட்டால் போதும்" என்றார்.

பதின்மூன்று வாக்கியங்கள் வரை கை ஓடியது. பதினான்காவது இது: 'என் பணிக்குத் தேவையான அறிவு, தேவையான நேரத்தில் எனக்குக் கிடைக்கிறது.' பேனா நின்றுவிட்டது. "நாளைக்கு வந்து வாங்கிக்கொள் மக்களே" என்று அனுப்பிவைத்தேன். (நாகர்கோவில் பக்கத்தில் ஒற்றை ஆளைக் கூப்பிடவும் 'மக்களே'தான். வெளியூர் வாசகர்கள் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேட வேண்டாம்.) அந்த நாளை வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. டிக் போட முடியாமல் போனதற்கான காரணத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரும் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். இளங்கலை இரண்டாம் ஆண்டின் பிற்பகல் செய்முறை வகுப்பு. ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தை வைத்து ஒளிவிலகல் எண் காண வேண்டும். இருட்டறையில் மாணவர்கள் சுற்றி நிற்க, சோடியம் விளக்கின் சுவிட்சைப் போட்டேன். மஞ்சளாக எரிய வேண்டிய விளக்கு இளஞ்சிவப்பாக மினுங்கியது. பழுது என்று அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடியும் சிவப்பு. அணைத்தேன். நான்காவது தடவை கை சுவிட்சுக்குப் போனபோது வாசலில் நின்றிருந்த அட்டெண்டர், "டீச்சர், அது முகம் கழுவிவிட்டு வரும். கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.

சோடியம் விளக்குக்குள் நியான் வாயுவும் உண்டு. முதலில் எரிவது அதுதான், அதனால்தான் சிவப்பு. அந்தச் சூட்டில் சோடியம் ஆவியான பிறகே மஞ்சள் வரும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த மஞ்சளுக்குள் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என இரண்டு கோடுகள் ஒட்டி நிற்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். நியானையும் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் நான் மாணவியாக இருந்த ஐந்து ஆண்டுகளும், நாங்கள் ஆய்வகத்துக்குள் நுழையும்போது விளக்கு மஞ்சளாகவே எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர் முன்னதாகவே வந்து போட்டு வைத்திருக்கிறார். அவர் யார் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை.

அன்று மாலை மாணவர்கள் போன பிறகு அட்டெண்டர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, இரும்பு அலமாரியைத் திறந்து கதவின் உட்புறத்தைக் காட்டினார். கதவு முழுக்கப் பென்சில் எழுத்து. 'ஸ்பெக். 6: கறுப்புத் திருகை முழுக்க இறுக்கக் கூடாது.' 'மின்தடைப் பெட்டி 3: 20 ஓம் சாவி ஆடும். பேப்பர் வைத்து அழுத்து.' அதைக் குறுக்கே அடித்துவிட்டு, வேறு கையெழுத்தில், 'பேப்பர் வைக்காதே. துடைத்துப் போடு.' 'மழைக்காலம் லென்ஸில் பூசணம். வாரம் ஒருமுறை திறந்து பார்.' 'பொட்டென்ஷியோமீட்டர் முள் ஒரே பக்கம் ஓடினால் முதலில் பேட்டரியைப் பார். பையனைத் திட்டாதே.' மூன்று பேருடைய கையெழுத்து இருந்தது. ஒன்று அவருடையது, ஒன்று அவருக்கு முன்பிருந்தவருடையது. மூன்றாவது யாருடையது என்று அவருக்கே தெரியாது.

செய்முறை வகுப்பு மூன்று மணி நேரம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கருவிகளோடு மல்லுக்கட்டியே எனக்கு முக்கால் மணி நேரம் கழிந்துவிடும். மாணவர்கள் சுவரில் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கதவைப் படித்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் முதல் அளவீட்டை எடுத்துவிட்டார்கள். மிச்சமான நேரத்தில்தான் நான் கற்பிக்கவே தொடங்கினேன். என் பணித்திறன் உயர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு அறிக்கையில் அது ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சியில் கலந்துகொண்டதன் பயன் என்று பதிவாகியிருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். எழுதி வைக்கும் பழக்கத்துக்கு யாரும் கணக்கெடுப்பதில்லை.

அறிவு மேலாண்மை என்ற சொல் தொழில் நிறுவனங்களிலிருந்து கல்லூரிக்கு வந்தது. அதைப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு பேரிடமிருந்து தொடங்குவார்கள். ஒருவர் மைக்கேல் பொலானி. ஹங்கேரியில் பிறந்து, வேதியியலாளராக இருந்து, தத்துவத்துக்கு வந்தவர். நாம் வாயால் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருக்கிறோம் என்று 1966-இல் எழுதினார். மற்றவர் ஜப்பானின் மேலாண்மை அறிஞர் இகுஜிரோ நோனாகா. 1990களின் தொடக்கத்தில் அவர் எடுத்துச் சொன்ன ரொட்டிக் கதை ஒன்று உண்டு. மட்சுஷிதா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் செய்யப் பார்த்தது. மாவு சரியாகப் பிசைபடவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் ஆள் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுக்கூடப் பார்த்தார்கள்; பிடிபடவில்லை. கடைசியில் நிறுவனத்தில் வேலை பார்த்த பெண் ஒருவர் ஒசாகாவில் ஓர் ஓட்டலின் ரொட்டி மாஸ்டரிடம் போய்ப் பயின்றார். மாவை இழுக்கும்போது அவர் கூடவே ஒரு முறுக்கும் கொடுக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த முறுக்கு இயந்திரத்துக்குள் போயிற்று. பரோட்டாக் கல்லருகே நின்று தொழில் பழகும் நம் ஊர்ப் பையனுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து வளர்ந்த ஆய்வுகள் அறிவின் போக்கைப் பெறுதல், சேமித்தல், பகிர்தல், பயன்படுத்துதல் என்று பிரித்துக்கொள்கின்றன. அந்த மாணவியின் நாற்பது வாக்கியங்களும் இந்த நான்கு தலைப்புகளில்தான் அடுக்கப்பட்டிருந்தன. பிரிவில் எனக்குக் குறையில்லை. அளக்கும் விதத்தில்தான் உறுத்தல். ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் கொடுத்த இந்த ஐந்து கட்ட அளவுகோல் நல்ல அளவுகோல்தான். ஆனால் உங்கள் கல்லூரியில் அறிவு பகிரப்படுகிறதா என்று கேட்கும் அதே ஆளிடம், உங்கள் பணித்திறன் எப்படி என்றும் கேட்டால் என்ன ஆகும்? மனம் நிறைந்திருப்பவர் இரண்டுக்கும் நான்கு போடுவார். காலையில் முதல்வரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர் இரண்டுக்கும் இரண்டு போடுவார். இரண்டு வரிசைகளும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். அதைக் கணினியில் ஏற்றினால் நேர்த்தொடர்பு வராமல் என்ன செய்யும்? எங்கள் துறையில் ஒரு கருவியின் பிழையை அதே கருவியால் அளக்க விடமாட்டோம். ஆய்வு மாணவியைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் குறித்த காலத்துக்குள் முடித்தாக வேண்டும், எல்லோரும் போகும் பாதையில் அவரும் போகிறார்.

அறிவு மேலாண்மை என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் கிட்டங்கி வாடை அடிக்கிறது. அறிவை மூட்டை கட்டி அடுக்கி, சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டது போல. எங்கள் பக்கத்தில் நினைவை ஓர்மை என்போம். மலையாளத்தில் ஓர்ம. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மண் இது. சொற்கள் எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. "ஓர்மை இருக்கிறதா?" என்று ஒருவரைக் கேட்கலாம். ஒரு கல்லூரியைக் கேட்க முடியுமா? முடியும் என்று அந்தக் கதவைப் பார்த்த நாளிலிருந்து நினைக்கிறேன். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதைக் கல்லூரி அறிந்திருக்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் கடைசியில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு. மணக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவன் படித்தான். வகுப்பில் வாய் திறக்காதவன். ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கியில் பிளவின் பிம்பத்தையும் குறுக்குக் கம்பியையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். வந்துவிட்டதா என்று அறியக் கண்ணைச் சற்று இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். கம்பியும் பிம்பமும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தால் இன்னும் வரவில்லை என்று பொருள். இடமாறு தோற்றப் பிழை என்று பாடநூல் சொல்லும். ஆண்டுதோறும் இதை விளக்க நான் விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, கரும்பலகையில் படம் வரைந்து, கடைசியில் "சரி, இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நானே திருகிக் கொடுத்துவிடுவேன்.

அன்று அந்தப் பையன் பக்கத்து மேசைக்காரனிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "கடலில் பார் பிடிக்கிற மாதிரிதான்."

என்ன என்று கேட்டேன். முதலில் தயங்கினான். பிறகு சொன்னான். கடலுக்கடியில் மீன் அண்டும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். அப்பா அந்த இடத்துக்கு வள்ளத்தைக் கொண்டுபோக, கரையில் தெரியும் கோயில் கோபுரத்தைப் பார்ப்பார், அதற்குப் பின்னால் தெரியும் மருந்துவாழ் மலையைப் பார்ப்பார். (கடற்கரை ஊர்களில் கோயில் என்றால் மாதா கோயில்.) வள்ளம் நகர நகரக் கோபுரம் மலைக்கு முன்னால் நகரும். கோபுரம் மலையின் குறிப்பிட்ட ஒரு மடிப்புக்கு நேரே வந்து நின்றால் ஒரு கோடு சரி. அதுபோல வேறு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக அமைந்தால் வள்ளத்துக்குக் கீழே பார் இருக்கிறது. "பக்கத்தில் இருப்பது ஓடும், தூரத்தில் இருப்பது நிற்கும் மேடம். இரண்டும் சேர்ந்து போனால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன."

பத்து ஆண்டுகளாக நான் விரலை நீட்டிக்கொண்டிருந்த விஷயத்தை அவன் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டான். மறு ஆண்டிலிருந்து நான் விரலை விட்டுவிட்டேன். கோயிலையும் மலையையும்தான் வரைகிறேன். மலையோரத்து ரப்பர்த் தோட்டப் பிள்ளைகளுக்குக்கூட உடனே புரிகிறது. என்னுடன் வகுப்பெடுத்த இளைய ஆசிரியை ஒருவர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, அடுத்த நாள் தன் வகுப்பிலும் வரைந்தார். அவர் இந்தக் கட்டுரையில் பின்னாலும் வருவார்.

இந்த விஷயம் கேள்வித்தாளில் எந்தத் தலைப்பின் கீழ் வரும்? பெற்றது நான். கொடுத்தது மாணவன். அவனுக்குக் கொடுத்தது அவன் அப்பா. பணித்திறன் உயர்ந்தது கல்லூரிக்கு. இதில் மேலாண்மை செய்தது யார்?

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகள் சொல்கிறார். 13-ஆம் நூற்றாண்டு இலக்கணம். எல்லாவற்றையும் நம்மவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்ட அதை எடுக்கவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தால் அந்த நால்வரும் எதிரே சாயா குடித்துக்கொண்டிருப்பதால் எடுக்கிறேன்.

முதலாமவர் கழற்குடம். கழற்சிக் காய்களைப் போட்டு வைத்த குடம். போட்ட வரிசையில் வராது, கவிழ்த்தால் எல்லாம் கலந்துகட்டி ஒரேயடியாக விழும். ஒரு சந்தேகம் கேட்டால் ஒரு மணி நேரம் பொழிவார். எழுந்து வரும்போது கேட்ட சந்தேகமே மறந்திருக்கும். இரண்டாமவர் மடற்பனை. கருக்குமட்டைகளோடு நிற்கும் பனை. ஏறிப் பறிக்க விடாது, தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். இவர்கள் ஓய்வுபெறும் நாள் விழாவில்தான் நல்ல விஷயங்களைச் சொல்வார்கள். மூன்றாமவர் பருத்திக் குண்டிகை. பஞ்சு அடைத்த குடுக்கை. உள்ளே திணிப்பதும் பாடு, வெளியே எடுப்பதும் பாடு. நான்காவதுதான் எங்கள் மாவட்டத்துக்கென்றே சொன்னது போல இருக்கும்: முடத்தெங்கு. ஒரு விளையில் நின்று, வளைந்து, அடுத்தவன் விளையில் தேங்காயைப் போடும் தென்னை. தண்ணீர் ஊற்றுவது ஒருவர், காய் பொறுக்குவது இன்னொருவர். நாடெங்கும் கருத்தரங்குகளில் பேசிவிட்டு வருவார். சொந்தத் துறையில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு அவர் என்ன ஆய்வு செய்கிறார் என்று தெரியாது. எனக்கும் ஒருகாலத்தில் அந்த வளைவு இருந்தது.

அதே நன்னூல் இன்னொரு கணக்கும் சொல்கிறது. ஆசிரியர் சொன்னதைச் சரியாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் வரும். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. அறிவு கைமாறுவதைக் காட்ட நோனாகா வரைந்த படத்தில் வரும் அம்புக்குறிகளைவிட இந்தக் கால், கால், அரை எனக்கு எளிதாக இருக்கிறது. ஓர் ஆசிரியர் தனக்குத் தெரிந்ததைத் துறையில் இன்னொருவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தால் நஷ்டம் அந்த இன்னொருவருக்கு மட்டுமில்லை, அவருக்கே அரை போய்விடுகிறது.

பிறகு ஏன் சொல்வதில்லை? குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களைப் பற்றிச் சொல்வார்கள்: தொடுவர்மம் 96, படுவர்மம் 12, ஆக 108, சீடனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்வார் என்று. அதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் பார்த்தால் தவறு. தவறான கையில் போனால் உயிருக்கு ஆபத்து என்ற பயமும் அதில் உண்டு. சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மை யார் தேடி வருவார்கள் என்ற பயமும் உண்டு. கல்லூரி ஆசிரியருக்கு முதல் பயம் கிடையாது. நம்மிடமிருந்து கீற்றணிச் சமன்பாட்டைத் தெரிந்துகொண்டு யாரும் யாரையும் அடித்துப் போட்டுவிட மாட்டார்கள். இரண்டாவது பயம்தான் முழுக்க இருக்கிறது.

அந்தப் பயத்துக்குத் தீனியும் கிடைக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொண்டுவந்த விதிமுறைகளில் ஆசிரியரின் பதவி உயர்வு கல்விசார் செயல்திறன் புள்ளிகளோடு கட்டப்பட்டது. இருவர் மூவர் சேர்ந்து கட்டுரை எழுதினால் புள்ளியைப் பங்கு போட வேண்டும். 2018 விதிமுறைகளில் புள்ளி முறையைத் தளர்த்தினார்கள். இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 சதவீதம் என்று தாராளமும் காட்டினார்கள். நல்லதுதான். ஆனாலும் தனியாக எழுதினால் நூறு, சேர்ந்தால் எழுபது என்பது மனதில் தங்கிவிடுகிறது. இணையவழிப் பாடம் தயாரித்தால் புள்ளி உண்டு. பக்கத்து மேசையில் இருப்பவரின் வகுப்பைக் காப்பாற்றியதற்கு எந்த அட்டவணையிலும் வரிசை கிடையாது.

நானும் ஒளித்து வைத்தவள்தான். பதவி உயர்வுக்குக் கோப்பு தயாரித்துக்கொண்டிருந்த ஆண்டு. துறையில் என்னோடு ஒரே காலத்தில் சேர்ந்தவர், ஒளியியல் தாளுக்கு நான் சேர்த்து வைத்திருந்த கணக்குகளைக் கேட்டார். ஆண்டுக்கணக்கில் மாணவர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து உருவாக்கிய கணக்குகள். "வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்றேன். கைப்பையில்தான் இருந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு அவர் வகுப்பு மாணவர்கள் ஒளியியலில் வரிசையாகத் தோற்றபோது, மதிப்பெண் பட்டியலை அவர் அமைதியாக மடித்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன். அவர்கள் எனக்கும் மாணவர்கள்தானே என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களின் நிலை இதைவிடக் கடினம். உதவி பெறும் பிரிவில் சம்பளம் அரசுடையது. ஓய்வு வரை நாற்காலி உறுதி. சுயநிதியில் அடுத்த ஜூனில் நாற்காலி இருக்குமா என்பதே கேள்வி. நாளைக்கு இல்லாமல் போகலாம் என்று இருப்பவரிடம் போய் உங்கள் அறிவை நிறுவனத்தில் சேமித்து வையுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசும். அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே முதல் அதுதான்.

பாடத்திட்டமும் ஓர்மையைக் கலைத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பிறகு இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன; மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் வந்ததும் அதன் கீழ் போயின; 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே. நாகர்கோவிலின் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரியானது. இத்தனை மாற்றத்தையும் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய குறிப்புகள் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. பாடம் மாறினாலும் ஆறாம் நம்பர் ஸ்பெக்ட்ரோமீட்டரின் கறுப்புத் திருகு மாறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஓர் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. மூன்று மாதம் இரவு பகலாகக் கோப்பு தயாரித்தோம். பாட நோக்கங்களைக் கற்றல் விளைவுகளோடு கோர்க்கும் அட்டவணைகள், பெஞ்சமின் புளூம் 1956-இல் வகுத்த அறிதல் படிநிலைகளின்படி நிறம் பிரித்த வினாத்தாள்கள். எங்கள் மாவட்டமும் புளூமின் படிநிலையும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதை அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் நள்ளிரவில் கண்டுபிடித்து நானே சிரித்துக்கொண்டேன். 'சிறந்த நடைமுறைகள்' என்ற பகுதிக்கு என்ன எழுதலாம் என்று துறைக் கூட்டம் நடந்தது. 'அறிவுப் பகிர்வுக் கலாசாரம்' என்று எழுதலாம் என முடிவானது. நான்தான் அந்தப் பத்தியை எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

அதே வாரம் கல்லூரி முழுக்க வண்ணம் அடித்தார்கள். குழு அதைக் கேட்கவில்லை, நாங்களாகவே அடித்தோம். நான் இரண்டு நாள் தேர்வுப் பணிக்காகத் திருநெல்வேலி போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஆய்வகத்தின் இரும்பு அலமாரிகள் எல்லாம் இளம்பச்சையில் பளபளத்தன. உள்ளும் புறமும். பெயின்ட் அடித்தவர்கள் நேர்மையான வேலைக்காரர்கள்; கதவின் உட்புறத்தையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு இரண்டு கோட் அடித்திருந்தார்கள்.

அட்டெண்டர் அண்ணன் முந்தின வாரம் தாயார் இறந்து விடுப்பில் இருந்தார். திரும்பி வந்ததும் கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மேசை மேல் இருந்த ஏத்தங்காய் உப்பேரிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் நீட்டிவிட்டு, விளக்கைப் போடப் போய்விட்டார். குழு வந்தது, அறிவுப் பகிர்வுப் பத்தியைப் பாராட்டியது, போனது.

குற்ற உணர்வில் ஒரு நோட்டு வாங்கி ஆய்வகத்தில் கட்டித் தொங்கவிட்டேன். 'குறை நோட்டு' என்று பெயர். எந்தக் கருவி எப்படி மக்கர் செய்தது, எந்த இடத்தில் மாணவர்கள் தடுக்கி விழுந்தார்கள், என்ன செய்தபோது சரியானது என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெயர் போட வேண்டாம். ஓராண்டு அது ஆச்சரியமாக ஓடியது. மாணவர்களும் எழுதினார்கள். 'மேடம் சொன்ன முறையில் வரவில்லை, அண்ணன் சொன்ன முறையில் வந்தது' என்று ஒருவன் எழுதியிருந்தான். சரியாகத்தான் எழுதியிருந்தான். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் நான் பட்ட பாட்டில் பாதிகூடப் படாமல் வகுப்பெடுத்தார்கள்.

பிறகு துறைத் தலைவருக்கு அது பிடித்துப்போயிற்று. அதுதான் அதற்கு வினையாயிற்று. கோடு போட்டார்கள். வரிசை எண், தேதி, கருவியின் பெயர், குறையின் தன்மை, எடுத்த நடவடிக்கை, ஆசிரியர் கையொப்பம், துறைத் தலைவர் கையொப்பம். குறையை எழுதிக் கையொப்பமிட்டால் கருவியைக் கெடுத்தது யார் என்ற கேள்வி வருமே? அடுத்த ஆறு மாதம் நோட்டில் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வந்தது: 'குறை எதுவும் இல்லை.'

முன்பு சொன்ன இளைய ஆசிரியை சுயநிதிப் பிரிவில் இருந்தார். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது எங்கள் துறையைத் தாங்கியவர் அவர்தான். வீட்டு மொட்டைமாடியில் கைபேசியை நாற்காலியில் கட்டி வைத்து, செய்முறைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஏற்றினார். வினாவங்கி, விடைக்குறிப்பு எல்லாம் அவருடைய இணையக் கணக்கில்தான் இருந்தன. கல்லூரி இணைப்பு முகவரிகளை ஓர் அட்டவணையில் ஒட்டிக் கோப்பில் வைத்துக்கொண்டது. இரண்டு ஆண்டு கழித்து மஸ்கட்டில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்து அவர் போய்விட்டார். இப்போது அந்த இணைப்புகளைத் தொட்டால் 'அனுமதி தேவை' என்று வருகிறது. கோப்பில் அட்டவணை பத்திரமாக இருக்கிறது. அவரிடம் கேட்டிருக்கலாம்தான். வேலையில் இருந்தபோது ஓர் ஊதிய உயர்வு கேட்டுக் கிடைக்காமல் போனவரிடம், போன பிறகு எதைக் கேட்பது?

அட்டெண்டர் அண்ணன் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டு ஆகிறது. அந்தப் பணியிடம் இன்னும் நிரப்பப்படவில்லை. விளக்கை இப்போது நான்தான் முன்னதாகப் போய்ப் போடுகிறேன்.

ஆய்வு மாணவி போன செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். "மேடம், பதினான்காவது மட்டும் காலியாக இருக்கிறது" என்றார். வா என்று ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். அலமாரியைத் திறந்து பச்சைக் கதவைக் காட்டினேன். பளபளப்புப் பெயின்ட்டில் பென்சில் பிடிக்கவில்லை என்று, ஓய்வுபெறும் முன் கடைசி வாரத்தில் அண்ணன் ஓர் ஆணியை எடுத்து, ஓர்மையில் இருந்ததையெல்லாம் கீறி வைத்துவிட்டுப் போனார். எழுத்துக்கள் கோணலாக இருக்கும், கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

மாணவி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஸ்பெக். 6, கறுப்புத் திருகு. மின்தடைப் பெட்டி. பூசணம். பையனைத் திட்டாதே. கடைசி வரியில் நின்றார். "இது வேறு கையெழுத்து மேடம்" என்றார்.

நான் அதுவரை கவனித்ததில்லை. கீழ் ஓரத்தில், துருப்பிடித்த கீலுக்குப் பக்கத்தில், கோபுரம் போல ஒரு முக்கோணம், அதன் பின்னால் மலை போல ஒரு வளைவு. அடியில் மஸ்கட் போனவரின் சாய்ந்த எழுத்து: 'கண்ணை அசைத்துப் பார்க்கச் சொல். இரண்டும் சேர்ந்து போக வேண்டும்.'